வரப்பு: 400 வரி நிரலுக்கு எதற்கு 400 வரி மேனுவல்?

ஜூன் 3, பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

"ஐபி ரேஞ்சை, அதாவது நெட்டில் மெஷின்களுக்குத் தரும் முகவரி வரிசையைக் கொடுத்தால் சப்நெட் என்கிற துண்டுகளாகப் பிரித்துக் காட்ட எத்தனையோ கருவி இருக்கிறது. ஐபிகால்க் இருக்கிறது, நெட்மாஸ்க் இருக்கிறது, பைத்தான் தெரிந்தால் மூன்று வரி போதும். நீங்கள் புதிதாக ஒன்றை எழுதி, வரப்பு என்று பெயரும் வைத்து, நிரலை விட நீளமாக மேனுவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். யார் படிப்பார்கள்? டெஸ்ட் வேறு எழுதுகிறீர்களாம். கொழிஞ்சாம்பாறையில் வேலை அவ்வளவு குறைவா?"

ஜூன் 4, இரவு 11.40

வேலை குறைவில்லை. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள இந்த ஊரில் நெட் இணைப்பு கொடுக்கிற சேவைக்காரர்கள் நாங்கள். ஏப்ரலில் ஒரு ராத்திரி வேலை கூடிப்போனதால் பிறந்ததுதான் இந்தக் கருவி. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மேலே லைன் தருகிறவர்கள் ஒரு மெயில் அனுப்பினார்கள். 203.0.113.5 முதல் 203.0.113.20 வரை உங்களுக்கு என்று. (நிஜ எண்ணை இங்கே போட மாட்டேன். 203.0.113 என்று தொடங்குவது உதாரணம் எழுதுவதற்கென்றே 2010-இல் ஒதுக்கிவைத்த பிளாக், அதாவது முகவரித் தொகுதி. யாருக்கும் சேதமில்லை.) ஷிஃப்டில் இருந்த பையன் எண்ணிப் பார்த்தான். 16 முகவரி. 16 என்றால் ஸ்லாஷ் 28 (முகவரியின் 32 பிட்டில் முதல் 28 மாறாது, மிச்ச 4 பிட்டில் 16 முகவரி). ரவுட்டரில் 203.0.113.5/28 என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

ரவுட்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 5-ஐ வெட்டி 0 ஆக்கிக்கொண்டு, 0 முதல் 15 வரை என்று எடுத்துக்கொண்டது. 16 முதல் 20 வரை உள்ள ஐந்து பேருக்கு நெட் இல்லை. 0 முதல் 4 வரை யாருடையதோ, அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. 18-ஆம் எண் ஒரு பால் சொசைட்டி. காலை ஐந்து மணிக்குக் கேனோடு வரிசையில் நிற்கிறவர்களிடம் "சப்நெட் மாஸ்க் தப்பு" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பையன் முட்டாள் இல்லை. 16 முகவரிக்கு ஸ்லாஷ் 28 என்ற கணக்கு சரிதான். அவனுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று: ஒரு பிளாக் தன் அளவின் மடங்கில்தான் தொடங்கும். 16 அளவுள்ள பாத்தி 0, 16, 32 என்றுதான் வரப்பு கட்டும். 5-இல் தொடங்காது. 5 முதல் 20 வரை உள்ளதைச் சரியாக அடைக்க ஐந்து துண்டு வேண்டும்:

203.0.113.5/32
203.0.113.6/31
203.0.113.8/29
203.0.113.16/30
203.0.113.20/32

ஒன்று, இரண்டு, எட்டு, நாலு, ஒன்று. கூட்டினால் 16. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்துக்காரன் வயலில் ஒரு அடிகூடப் போகவில்லை.

இதை ஐபிகால்க் செய்யாதா என்றால், செய்யும். ஏன் அதை விட்டேன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 5

நாளைக்கு என்றேன். மின்சாரம் இல்லை, யூபிஎஸ் அழுகிறது. பிறகு.

ஜூன் 7

சரி, ஐபிகால்க். இந்தப் பெயரில் ஒரு கருவி இல்லை, இரண்டு இருக்கின்றன. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் வருவது பெர்ல் மொழியில் எழுதியது. இன்னொரு லினக்ஸான ஃபெடோரா பக்கம் வருவது வேறு ஆட்கள் எழுதிய வேறு நிரல். பெயர் மட்டும் ஒன்று. எங்கள் கொழிஞ்சாம்பாறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் முதல் வகை, பாலக்காட்டில் உள்ள சர்வரில் இரண்டாவது வகை.

மைனஸ் பி என்ற ஆப்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன்காரரிடம் அதற்கு "பைனரியைக் காட்டாதே" என்று அர்த்தம். ஃபெடோராக்காரரிடம் "பிராட்காஸ்ட் முகவரியைக் காட்டு". மைனஸ் என் டெபியனில் "கலர் வேண்டாம்", ஃபெடோராவில் "நெட்வொர்க் முகவரியைக் காட்டு". ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட் இன்னொரு மெஷினில் ஓடும், எரர் வராது, வெளிவருவது வேறாக இருக்கும். இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எது எங்கே என்று ஞாபகம் வைத்துக்கொள்ள என்னால் முடியாது.

பைத்தான் மூன்று வரி என்பதும் உண்மை. அதை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துகிறேன், பின்னால் வரும்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

பெயரைப் பற்றி: ஷிஃப்டில் கூட இருக்கும் சேட்டன் இதை "வரம்பு" என்றுதான் கூப்பிடுகிறார். மலையாளத்தில் வயல் வரப்புக்கு அதுதான் சொல். தமிழில் வரம்பு என்றால் எல்லை. இரண்டும் பொருந்துகிறது, திருத்தவில்லை.

ஜூன் 12

மேனுவலை முதலிலிருந்து திருத்தி எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

"வரப்பு, ஓர் ஐபி முதல் இன்னோர் ஐபி வரை உள்ள ரேஞ்சைப் பிளாக்குகளாகப் பிரிக்கும்."

வரை என்றால்? கடைசி முகவரி உள்ளேயா வெளியேயா? "பத்தாம் தேதி வரை லீவு" என்றால் பத்தாம் தேதி ஆபீஸ் உண்டா இல்லையா? இங்கே இது விளையாட்டுக் கேள்வி இல்லை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் விவசாயம் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பியது. 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு. அது வாய்க்காலில் இறங்கி முறை வைத்து வரும்போது "பத்து வரை உங்களுக்கு" என்று சொன்னால், பத்தாம் தேதி மடையில் இரண்டு பேர் மண்வெட்டியோடு நிற்பார்கள். சேட்டனைக் கேட்டேன். மலையாளத்திலும் "வரெ"தான், அங்கேயும் அதே சண்டைதான் என்றார்.

நிரலுக்குப் போய்ப் பார்த்தேன். ரேஞ்சைப் பிரிக்கும் இடத்தில் கடைசி முகவரியைச் சேர்த்திருக்கிறேன். எத்தனை முகவரி என்று எண்ணும் இடத்தில் கடைசியிலிருந்து முதலைக் கழித்துவிட்டு, ஒன்றைக் கூட்ட மறந்திருக்கிறேன். அதாவது ஒரே கருவிக்குள் வரை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். 5 முதல் 20 வரை கொடுத்தால் ஐந்து துண்டும் சரியாக வருகிறது, கீழே "மொத்தம் 15" என்று போடுகிறது. ஒரு மாதமாகப் பயன்படுத்துகிறோம். யாரும் அந்தக் கடைசி வரியைப் படித்ததே இல்லை, நான் உட்பட.

இப்போது மேனுவலில் இப்படி இருக்கிறது: "இரு முனைகளும் ரேஞ்சுக்குள் அடங்கும்." அழகில்லாத வாக்கியம். இருக்கட்டும்.

பொள்ளாச்சிக்காரருக்குப் பாதி பதில் இது. மேனுவலை யாரும் படிக்காவிட்டாலும், எழுதுகிறவன் ஒரு தடவை படித்தாக வேண்டியிருக்கிறது.

ஜூன் 13

தலைப்பில் 400 வரி நிரல் என்று இருக்கிறதே என்று ஒருவர் எண்ணச் சொன்னார். எண்ணினேன். 412. மேனுவல் 388. ஆக இன்னும் நிரல்தான் நீளம்.

ஜூன் 20

அடுத்த வாக்கியம், அடுத்த சண்டை. 10.1.5.7/22 என்று ஒருவர் கொடுத்தால் என்ன செய்வது?

ஸ்லாஷ் 22 என்றால் மூன்றாவது எண்ணில் நாலு நாலாகப் பாத்தி. 5 என்பது 4 முதல் 7 வரை உள்ள பாத்திக்குள் விழுகிறது. எனவே 10.1.4.0 முதல் 10.1.7.255 வரை. வரப்பு இதைச் செய்துவிட்டு 10.1.4.0/22 என்று பதில் சொல்லும். மேனுவலில் பெருமையாக எழுதினேன்: "முகவரி பிளாக்கின் தொடக்கத்தில் இல்லாவிட்டால் வரப்பு தானே சரிசெய்துகொள்ளும்."

எழுதிவிட்டு வாசித்தேன். ஏப்ரலில் ரவுட்டர் செய்தது இதைத்தானே? 5-ஐ வெட்டி 0 ஆக்கியதும் இப்படி ஒரு சரிசெய்தல்தான். நான் ரவுட்டரைத் திட்டிக்கொண்டே அதையே எழுதிவைத்திருக்கிறேன்.

பைத்தானின் ஐபி நூலகம் இந்த விஷயத்தில் கறார். பிளாக்கின் தொடக்கம் இல்லையென்றால் ஹோஸ்ட் பிட் (தொடக்கத்தைத் தாண்டிய மிச்சம்) இருக்கிறது என்று எரர் காட்டி நின்றுவிடும். வேண்டுமென்றால் கறாரைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கலாம். நானும் அப்படியே மாற்றினேன். இப்போது வரப்பு மறுக்கிறது, மறுத்துவிட்டு "10.1.4.0/22 என்று சொல்ல வந்தீர்களா?" என்று கேட்கிறது. தளர்வு வேண்டுமானால் ஓர் ஆப்ஷன் உண்டு. அதற்கு "தளர்" என்றே பெயர்.

ஜூன் 21

சேட்டனுக்குப் பிடிக்கவில்லை. "மெஷினுக்கு அர்த்தம் புரிஞ்சுதுன்னா ஏன் என்கிட்ட திரும்பக் கேக்குது?" புரிந்தது என்று அது நினைக்கிறது, அதுதான் பயம் என்றேன். அவர் ஒரு அலையஸ் (கட்டளைக்குக் குறுக்குப் பெயர்) போட்டு எப்போதும் தளர்வோடுதான் ஓட்டுகிறார். போகட்டும், அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

ஜூலை 2, விடிகாலை

இதுதான் பெரியது. டெஸ்ட் எதற்கு என்று கேட்டவர் இதை மட்டுமாவது படிக்கட்டும்.

இணையத்தில் வரவே கூடாத முகவரிகளைத் தடுக்க எல்லோரும் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் 240.0.0.0 முதல் 255.255.255.255 வரை நிச்சயம் இருக்கும். ஐபிவி4, அதாவது இந்த 32 பிட் முகவரி முறையின் கடைக்கோடி அது. பதில் ஒரே துண்டு, 240.0.0.0/4. மேனுவலுக்கு எளிமையான உதாரணமாக இருக்கட்டும் என்று அதை ஓட்டினேன்.

240.0.0.0/4 என்று வந்தது. அடுத்து 0.0.0.0/0 என்று வந்தது. அடுத்து மறுபடி 0.0.0.0/0. மறுபடி. மின்விசிறி இரைய ஆரம்பித்த பிறகுதான் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினேன்.

என்ன நடந்தது என்றால், ஒரு துண்டை எழுதியதும் அதன் அளவைக் கூட்டி அடுத்த துண்டின் தொடக்கத்துக்குப் போகிறேன். 32 பிட் எண்ணில் 255.255.255.255-க்கு அடுத்தது எது? பழைய ஸ்கூட்டர் மீட்டரைப் போல 0.0.0.0. "தொடக்கம் முடிவைத் தாண்டிவிட்டதா?" என்று சுழற்சி கேட்கிறது. 0 எப்படித் தாண்டும்? எனவே மீதமிருக்கும் வேலை முழு இணையம் என்று நினைத்துக்கொள்கிறது. முழு இணையத்தின் அளவு 2-இன் 32-ஆம் அடுக்கு, அது 32 பிட்டில் அடங்காமல் 0 ஆகிறது. 0-ஐக் கூட்டினால் அதே இடம். அப்படியே நிற்கிறது.

அந்த வெளியீடு நேராகத் தடுப்புப் பட்டியலுக்குப் போயிருந்தால், இரண்டாவது வரியிலேயே மொத்த இணையத்தையும் தடுத்திருப்பேன். பால் சொசைட்டி மட்டுமா வந்து நிற்கும்.

எண்ணை 64 பிட்டாக மாற்றினேன். தீர்ந்தது.

ஜூலை 2, மதியம்

தீரவில்லை. அதே வட்டாரத்தில் இன்னொன்று. ஸ்லாஷ் 0-க்கு மாஸ்க் (எந்தெந்தப் பிட் மாறாது என்று காட்டும் எண்) கணக்கிடும்போது 32 பிட் எண்ணை 32 இடம் இடப்பக்கம் நகர்த்துகிறேன். சி மொழியில் அதற்கு விளைவு வரையறுக்கப்படவில்லை. நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எதை வேண்டுமானாலும் செய்யலாம். எங்கள் இன்டெல் மெஷினில் சிப் கடைசி ஐந்து பிட்டை மட்டும் பார்க்கிறது. 32-இன் கடைசி ஐந்து பிட் 0. ஆகவே நகர்த்தவே இல்லை. மாஸ்க் 0.0.0.0 ஆக வேண்டியது 255.255.255.255 ஆக நிற்கிறது. உலகத்தையே குறிக்க வேண்டிய 0.0.0.0/0 ஒரே ஒரு முகவரியாகச் சுருங்குகிறது.

ஒரு பிழை எதையுமே கேட்காதபோது உலகத்தை எழுதுகிறது. இன்னொரு பிழை உலகத்தைக் கேட்டால் ஒரு வீட்டைக் கொடுக்கிறது. நல்ல ஜோடி.

ஜூலை 9, பொள்ளாச்சி வாசகர் மறுபடி

"இதைத்தான் சொல்கிறேன். பைத்தானோடு ஒப்பிட்டு ஒரு பத்து லட்சம் ரேண்டம் ரேஞ்ச் ஓட்டியிருந்தால் ஜூன் மாதமே பிடிபட்டிருக்குமே. மேனுவல் உதாரணத்தை நம்பியா டெஸ்ட்?"

ஜூலை 9, இரவு

ஓட்டினேன் ஐயா. மே மாதமே ஓட்டினேன். பைத்தான் மூன்று வரியை இதற்குத்தான் வைத்திருக்கிறேன்: பக்கத்தில் உட்கார்ந்து விடை சரிபார்க்கிற வாத்தியார். பத்து லட்சம் ஜோடி, ஒன்றுகூடத் தப்பாக வரவில்லை. எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

ஏன் என்று யோசியுங்கள். மொத்தம் 429 கோடியே சொச்சம் முகவரி. ரேண்டமாக எடுத்தால் 255.255.255.255 வருவதற்கு வாய்ப்பு 429 கோடியில் ஒன்று. பத்து லட்சம் தடவை குலுக்கினாலும் அந்தச் சீட்டு அநேகமாக வராது. சீட்டுக்குச் சீட்டு பார்த்தால் கேரள லாட்டரியின் ஓணம் பம்பர் அதைவிடச் சுலபம். வயல் நடுவில் எங்கே தோண்டினாலும் மண் நன்றாகத்தான் இருக்கும், நண்டு வளை இருப்பது வரப்பில்.

இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, ஓரங்களைக் கையால் நட்டேன்: 0, 1, 127, 128, 255, அவற்றின் முன்னும் பின்னும், நாலு இடத்திலும்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. நிரலில் 32 என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் மாற்றக்கூடிய எண்ணாக ஆக்கினேன். பிறகு 8 பிட் உலகம் ஒன்றைச் செய்தேன். அந்த உலகத்தில் 256 முகவரிதான். சாத்தியமான ரேஞ்ச் மொத்தம் 32,896. அத்தனையையும் ஒன்று விடாமல் ஓட்டலாம், கண் இமைக்கும் நேரம் ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. துண்டுகளைச் சேர்த்தால் அதே ரேஞ்ச் வருகிறதா? ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா? இன்னும் குறைந்த துண்டில் முடியுமா? சின்ன உலகத்தில் ரேண்டம் என்ற பேச்சே இல்லை. எல்லா வரப்பிலும் நடந்துவிடலாம்.

அதில் கிடைத்த ஒரு சுவாரசியம்: 8 பிட்டில் மிக மோசமான ரேஞ்ச் 1 முதல் 254 வரை, 14 துண்டு. முழு உலகத்தில் இரு முனையையும் ஒன்று கிள்ளினால் போதும், மிச்சத்துக்குப் பிட்டுக்கு இரண்டு துண்டு, இரு ஓரத்துக்கும் சேர்த்து இரண்டு தள்ளுபடி. 32 பிட்டில் 0.0.0.1 முதல் 255.255.255.254 வரை கொடுத்தால் 62. ஓட்டிப் பார்த்தேன், 62. அதற்கு மேல் எந்த ரேஞ்சுக்கும் போகாது என்பதால் இதுவும் மேனுவலில் ஏறிவிட்டது.

ஜூலை 10

"32 என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம்" என்று நேற்று எழுதினேன். ஒன்றை விட்டிருக்கிறேன். எரர் செய்தியில். 8 பிட் உலகத்தில் "ஸ்லாஷ் 32-க்கு மேல் கூடாது" என்கிறது.

ஜூலை 18

ஆபீஸிலிருந்து ஒரு ஷீட் வந்தது. முகவரிகள் எல்லாம் 010.001.004.020 என்ற தினுசில். அழகாக வரிசைப்படுத்துவதற்காக முன்னால் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். காரணம் நியாயம்தான். எழுத்தாக வரிசைப்படுத்தினால் 10 வந்த பிறகுதான் 9 வரும்.

ஆனால் பழைய யூனிக்ஸ் வழக்கப்படி பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டின் அடிமானம். 010 என்றால் 8. 020 என்றால் 16. 008 என்றால் எண்ணே இல்லை. சில நிரல்கள் 10 என்றே எடுத்துக்கொள்ளும். ஒரே எழுத்தை வாசலில் நிற்கும் காவலர் 10 என்று படித்து உள்ளே விட, உள்ளே இருப்பவர் 8 என்று படித்தால் என்ன ஆகும்? 2021-இல் இதுவே பாதுகாப்புக் குறையாகப் பல நூலகங்களில் வெளிவந்தது. பைத்தானும் அந்த ஆண்டுதான் 3.9.5-இல் முன்பூஜ்யத்தை மறுக்க ஆரம்பித்தது.

வரப்பும் மறுக்கிறது. ஷீட் அனுப்பியவர் கோபித்துக்கொண்டார். மேனுவலில் அவருக்காகவே ஒரு பத்தி இருக்கிறது, வரிசைப்படுத்த சார்ட் கட்டளைக்குப் பெரிய வி ஆப்ஷன் கொடுங்கள் என்று.

இதே குடும்பம்: ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில் பிங் 10.1 என்று அடித்துப் பாருங்கள். 10.0.0.1-க்குப் போகும். நடுவில் இருப்பதை அதுவே பூஜ்யமாக நிரப்பிக்கொள்கிறது. வரப்பில் நாலு எண் இல்லையென்றால் வெளியே போ.

ஜூலை 19

கோடு. வாட்ஸாப்பில், வேர்டில், ஷீட்டில் 5-20 என்று அடித்தால் நடுவில் உள்ள சின்னக் கோட்டைச் சில சமயம் அதுவே நீட்டி அழகாக்கிவிடும். பார்க்க ஒன்றுதான். உள்ளே 226, 128, 147 என்று மூன்று பைட். வரப்பு "எதிர்பாராத எழுத்து" என்று மட்டும் சொல்லி நின்றது, பையன் அரை மணி நேரம் அதே கோட்டை அழித்து அழித்து ஒட்டியிருக்கிறான். இப்போது நீட்டுக் கோட்டையும் ஏற்கிறது. கறார் என்றாயே என்பீர்கள். இதில் இரண்டாவது அர்த்தம் ஒன்று இல்லையே. ஸ்லாஷ் 22 விஷயத்தில் இருந்தது.

தமிழ் எண்களை ஏற்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்காது. ௧௦.௧.௪.௦ என்று எழுதுகிற வாடிக்கையாளர் வரட்டும், பார்க்கலாம்.

ஆகஸ்ட் 6

மேனுவல் உதாரணங்களை நம்பியா டெஸ்ட் என்று கேட்டாரே. இப்போது ஆமாம்.

ஒரு சின்ன ஸ்கிரிப்ட். மேனுவலைத் திறந்து, டாலர் குறியில் தொடங்கும் கட்டளை வரிகளை மட்டும் பொறுக்கி ஓட்டுகிறது. கீழே நான் எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் சிவப்பு. முதல் ஓட்டத்தில் 19 உதாரணத்தில் மூன்று பொய். ஒன்று, அந்தப் பழைய "மொத்தம் 15". இன்னொன்று, தளர் ஆப்ஷன் வருவதற்கு முன் எழுதியது. மூன்றாவதில் எனக்கு வெட்கம். தனியார் முகவரிகள் (வீடு, ஆபீஸுக்குள் மட்டும் புழங்குபவை) பட்டியலில் 172.16.0.0/12 என்று போட்டுவிட்டு 172.16.255.255-இல் முடிவதாகக் கையால் எழுதியிருக்கிறேன். முடிவது 172.31.255.255. பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

கையால் கணக்குப் போட்டு உதாரணம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும் என்று நினைக்கிறேன். ஒருமுறை ஓட்டி, வந்ததை அப்படியே ஒட்டினாலும் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். ஒவ்வொரு தடவையும் ஓட வேண்டும்.

ஆகஸ்ட் 8

அந்தப் பட்டியலில் 100.64.0.0/10 இல்லையே என்று கேட்டவருக்கு: சேர்த்துவிட்டேன், தனி வரியாக. அது தனியார் முகவரி இல்லை. ஒரே பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு வைக்கும் எங்களைப் போன்ற சேவைக்காரர்களுக்கென்று 2012-இல் ஒதுக்கியது. 100.127.255.255 வரை போகும், 41,94,304 முகவரி. தோட்டத்து கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்று போன் செய்கிறவர்களில் பாதிப் பேரின் ரவுட்டரில் இந்த 100-தான் உட்கார்ந்திருக்கும். 100.128 என்று இருந்தால் அது யாரோ ஒருவருடைய நிஜ முகவரி. இந்த ஓரமும் டெஸ்டில் இருக்கிறது.

செப்டம்பர் 1

128 பிட் முகவரி முறையான ஐபிவி6 தொடங்கினேன். ஸ்லாஷ் 64-இல் எத்தனை முகவரி என்று கேட்டால் 0 என்கிறது. 64 பிட் எண்ணால் எட்டக்கூடிய உச்சத்தை விட ஒன்றே ஒன்று கூடுதல். ஜூலையில் 32-இல் பார்த்த அதே ஸ்கூட்டர் மீட்டர், பெரிய வண்டியில். "64 பிட்டாக மாற்றினேன், தீர்ந்தது" என்று எழுதியவன் நான்தான்.

மேனுவலில் "ஐபிவி6 இன்னும் இல்லை" என்று போட்டேன். ஓட்டினால் மறுக்கிறது. அதற்கும் ஒரு டெஸ்ட்.

செப்டம்பர் 14

ரேஞ்சுகளை எழுதிக் கொடுக்கும் கோப்பில் 40-ஆவது வரியில் பிழை இருந்தால் என்ன செய்வது? இதுவரை 39 வரிக்கான துண்டுகளை வெளியே விட்டுவிட்டு 40-இல் கத்தும். கேட்பவர் மனிதராக இருந்தால் பரவாயில்லை. வெளியீட்டை நேராக வாங்கிக்கொள்ளும் ஃபயர்வால் (தடுப்பு நிரல்) இருந்தால், 39 வரியை விழுங்கிவிட்டுத் திருப்தியாகப் போய்விடும். இப்போது முழுக் கோப்பையும் படித்து முடித்த பிறகுதான் முதல் வரியை எழுதுகிறது. பிழை என்றால் ஒன்றும் எழுதாது, வெளியேறும் எண் (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் குறி, 0 என்றால் சரி) 2. காலிக் கோப்புக்கும் 2. காலிப் பட்டியலைச் சரி என்று ஒத்துக்கொண்டால் இருந்த தடுப்பெல்லாம் அழிந்துவிடும்.

இதை எழுதும்போது எனக்குச் சந்தேகம் இருந்தது. காலிக் கோப்பு ஒரு பிழையா? எழுத்தைத் தேடும் கிரெப் கட்டளை எதுவும் கிடைக்காவிட்டால் 1 என்கிறது, அது பிழை இல்லை என்கிறார்கள். இரண்டு நாள் யோசித்தேன். 2-தான்.

அக்டோபர் 20

மேனுவலைத் தமிழில் அச்சடித்து ரேக் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்தோம், ஆறு பக்கம். நேற்று இரவு 1.15-க்கு பக்கத்திலுள்ள வேலந்தாவளத்திலிருந்து பையன் கூப்பிட்டான்.

"அண்ணா, பேப்பர்ல இருக்கிறது மாதிரியே அடிச்சேன். மறுக்குது."

"என்ன அடிச்சே?"

"10.1.5.7 ஸ்லாஷ் 22."

சுவரில் அந்தப் பக்கம் மட்டும் ஜூன் 20 காலையில் அடித்த பிரதி, மற்றவை ஜூன் தொடக்கத்திலேயே ஒட்டியவை. தானே சரிசெய்துகொள்ளும் என்று பெருமை பேசிய அதே பத்தி. 19 உதாரணத்தையும் ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்கும் என் ஸ்கிரிப்டுக்குச் சுவரைப் படிக்கத் தெரியாது.

அக்டோபர் 21

புதுப் பிரதி ஒட்டப் போனேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதியும் பதிப்பு எண்ணும் போட்டிருக்கிறேன், இனி வரப்பை ஓட்டினால் அதே எண்ணை அதுவும் சொல்லும். பழைய பேப்பரைக் கிழிக்கும்போது பார்த்தால், 5 முதல் 20 வரை உதாரணத்துக்குக் கீழே "மொத்தம் 15" என்று இருந்ததை யாரோ நீல மையில் அடித்து 16 என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் மலையாளத்தில் ஜூன் 9 என்று தேதி. நான் கண்டுபிடித்தது ஜூன் 12.

யாரும் அந்த வரியைப் படித்ததில்லை என்று மேலே எழுதியிருந்தேன், அதைத் திருத்திக்கொள்கிறேன். சேட்டனிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "சொவருல எழுதிட்டேனே" என்கிறார்.